முடக்குவாதத்துக்கு எந்தப் பயிற்சி? நடையா, யோகாவா, தண்ணீரா, தசைப் பயிற்சியா: டெல்டாக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

"மாத்திரையை ஒழுங்காப் போடுங்க, எக்சர்சைஸும் பண்ணுங்க" என்று மருத்துவர் சொல்லி அனுப்பிவிடுவார். என்ன பயிற்சி, எவ்வளவு நேரம், கை வீங்கிக் கிடக்கும் நாளில் செய்யலாமா கூடாதா என்பதெல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்காது. வெளியே வந்தால் ஆளுக்கொரு யோசனை. வாக்கிங் போ என்பார் ஒருவர், யோகா வகுப்பில் சேர் என்பார் இன்னொருவர், அசையாமல் படுத்திரு என்பார் வீட்டுப் பெரியவர். எனக்கு இந்த முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) வந்து பல வருடமாகிறது. இப்போது என் நாத்தனாருக்கும் ரத்தப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. "அண்ணி, நான் இதுல எதைச் செய்யட்டும்?" என்று அவள் கேட்டதற்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். அவள் இருப்பது மன்னார்குடி பக்கத்துக் கிராமம். நீச்சல்குளம் கிடையாது, ஜிம் கிடையாது. டெல்டாவில் நம்மில் பலருக்கும் நிலைமை அதுதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் உடற்பயிற்சி என்றாலே நடைதான். ஆனால் முடக்குவாதம் உள்ளவருக்கு நடை மட்டும் போதாது. தசைக்கு வலுவூட்டும் பயிற்சிக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். நடை அதற்கு அடுத்து. கைவிரல் பயிற்சி இரண்டோடும் சேர்ந்து வரவேண்டியது. யோகாவைப் பொறுக்கி எடுத்துச் செய்யலாம். தண்ணீர்ப் பயிற்சி, வசதி வாய்த்தால் நல்லது.

காரணம் நோயிலேயே இருக்கிறது. சரவாங்கி என்று பெரியவர்கள் சொல்லும் இந்த நோய், முழங்கால் தேய்மானம் போன்றது அல்ல. உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்கி வீங்க வைக்கிறது. பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. வீக்கமும் வலியும் கண்ணுக்குத் தெரிகின்றன. தெரியாமல் நடப்பது தசைக் கரைவு. நோயின் அழற்சியே தசையைத் தின்கிறது, வலிக்குப் பயந்து அசையாமல் இருப்பது இன்னும் தின்கிறது, நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தால் அதுவும் சேர்ந்துகொள்கிறது. எலும்பின் அடர்த்தி குறைகிறது. மாரடைப்பு போன்ற இதய நோய்க்கான வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு. ஆக நமக்கு வேண்டிய பயிற்சி தசையைத் திரும்பக் கொடுக்க வேண்டும், எலும்புக்கும் இதயத்துக்கும் உதவ வேண்டும், வீங்கிய மூட்டை நசுக்கவும் கூடாது. நோய் ஏறும் நாளில் குறைத்துக்கொள்ள முடிய வேண்டும். ஐப்பசி அடைமழையிலும் சித்திரை வெயிலிலும் நின்றுபோகக் கூடாது. ஒவ்வொன்றையும் இந்த அளவுகோல்களை வைத்துத்தான் பார்க்கிறேன்.

முதலில், படுத்திருப்பது. இதையும் ஒரு தேர்வாகவே எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பல வீடுகளில் அன்பாகச் சொல்லப்படும் யோசனை இதுதான். ஒரு காலத்தில் மருத்துவர்களும் ஓய்வைத்தான் பெரிதாகச் சொன்னார்கள். பயிற்சி மூட்டை இன்னும் அரித்துவிடும் என்ற பயம் இருந்தது. நெதர்லாந்தில் சுமார் 300 நோயாளிகளை வைத்து இரண்டு ஆண்டுகள் நடத்தி, 2003இல் வெளியிட்ட ஆய்வு அந்தப் பயத்தைப் பெருமளவு போக்கியது. வாரம் இரு முறை, ஒவ்வொரு முறையும் ஒன்றேகால் மணி நேரம் தீவிரமான பயிற்சி. செய்தவர்களின் அன்றாடச் செயல்திறன் கூடியது, நோயின் வேகம் கூடவில்லை, இடுப்பெலும்பு அடர்த்தி குறைவதுகூட மெதுவானது. ஒரு எச்சரிக்கையும் அதில் உண்டு: இடுப்பு, முழங்கால் போன்ற பெரிய மூட்டுகள் ஏற்கெனவே மிகவும் சிதைந்திருந்தவர்கள் அத்தகைய தீவிரப் பயிற்சியில் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ருமட்டாலஜி 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் மருந்தல்லாத வழிகள் பலவற்றை அலசியது. அதில் அழுத்தமான பரிந்துரையாக வந்தது ஒன்றே ஒன்று: தொடர்ந்து உடற்பயிற்சி செய்வது. நடை போன்றவை, தண்ணீர்ப் பயிற்சி, தசைப் பயிற்சி, யோகா போன்றவை எல்லாமே ஏற்கத்தக்கவை; அவற்றில் எது என்பது ஆளைப் பொறுத்தது என்று விட்டுவிட்டது. அந்த இடத்தில்தான் நம் யோசனை தொடங்குகிறது.

அதற்கு முன் ஒரு கேள்வி. எங்கள் தெருவில் நடவுக்குப் போகும் அக்கா ஒருவர் கேட்டார்: "காலையில எறங்குனா மத்தியானம் வரைக்கும் குனிஞ்சே நிக்கிறேன். வீட்டுக்கு வந்தா தண்ணி தூக்குறேன், துணி தொவைக்கிறேன். இதுக்கு மேல என்னம்மா எக்சர்சைஸ்?" நியாயமான கேள்வி. வயல் வேலையும் வீட்டு வேலையும் உழைப்புதான், இதயத்துக்கு அதனால் பலன் உண்டு. ஆனால் அந்த வேலை நம் மூட்டைக் கேட்டு நடப்பதில்லை. நாற்று முடிச்சைப் பிரித்து விரல் நுனியால் சேற்றில் ஊன்றும்போது, நோய் முதலில் பிடிக்கும் அதே விரல் கணுக்களும் மணிக்கட்டும்தான் ஆயிரக்கணக்கான தடவை அழுந்துகின்றன. தோளைத் தலைக்கு மேல் தூக்கும் வேலை அதில் இல்லை. முழங்கால் முழுதாக நீள்வதில்லை. இன்று கை வீங்கியிருக்கிறது, பாதி போதும் என்று நிறுத்தவும் முடியாது, கூலி போய்விடும். அதனால் வேலை நாள்களில் நடையைக் குறைத்துக்கொள்ளலாம், தசைப் பயிற்சியையும் கைப் பயிற்சியையும் விடக் கூடாது என்றுதான் அந்த அக்காவிடம் சொன்னேன். அவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. நடவு முடிந்து வந்து மறுபடி கையை ஆட்டச் சொன்னால் யாருக்குத்தான் மனசு வரும்? இருந்தாலும் என் கருத்து மாறவில்லை.

இனி நடை. செலவில்லை, துணை கிடைக்கும், இதயத்துக்கு நல்லது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வாரம் 150 நிமிட மிதமான உழைப்பை எட்ட இதைவிட எளிய வழி நம் ஊரில் இல்லை. மேடு பள்ளமில்லாத சமவெளி நமக்கு வாய்த்த வரம். திருவாரூர் கமலாலயக் கரை, கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றிய பாதை, தஞ்சாவூரில் புது ஆற்றங்கரை என்று எந்த ஊரிலும் நடக்க ஓர் இடம் இருக்கும். வரப்பு மட்டும் வேண்டாம். ஒற்றையடி வரப்பில் கணுக்கால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பக்கம் சாயும்.

நடையில் நான் பிடிவாதமாக இருப்பது இரண்டு விஷயங்களில். ஒன்று நேரம். நம் ஊரில் நடை என்றால் விடியற்காலை ஐந்து மணி. இந்த நோயில் விறைப்பு மோசமாக இருக்கும் வேளையும் அதுதான். எழுந்ததிலிருந்து ஒரு மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கும். மார்கழிப் பனியில் இன்னும் கூடும். விறைத்த பாதத்தோடு நடந்தால் பத்து நிமிடத்தில் வெறுத்துப்போகும். மாலை ஐந்து மணிக்கு மேல் போங்கள். கோடையில் வெயில் தாழ்ந்து ஆறு மணிக்கு. காலையில்தான் நேரம் கிடைக்கும் என்றால் வெந்நீரில் குளித்து, விறைப்பு இறங்கிய பிறகு கிளம்புங்கள்.

மற்றொன்று செருப்பு. பாதத்தின் முன்பக்கக் கணுக்களில் இந்த நோய் சீக்கிரமே உட்கார்ந்துவிடும்; கூழாங்கல் மேல் நிற்பதுபோல இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். கட்டைவிரல் இடுக்கில் வார் மாட்டும் ரப்பர் செருப்பு, அதைக் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ளவே விரல்களை மடக்க வைக்கும். முன்பக்கம் அகலமாக, பின்னால் வார் உள்ள எம்சிஆர் (மைக்ரோசெல்லுலார் ரப்பர் என்ற மெத்தென்ற ரப்பர்) செருப்பு வாங்குங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கென்று விற்பதுதான் அது, கடையில் அப்படிக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். கோயில் பிராகாரத்தைச் சுற்றுவதையே நடையாக வைத்திருப்பவர்களும் நம்மில் உண்டு. வெறுங்காலில் கருங்கல் தரை, பாதம் வீங்கிய நாள்களில் அது வேண்டாம். சாமி கும்பிடப் போங்கள், சுற்றுக் கணக்கைத் தெருவில் செருப்போடு முடித்துக்கொள்ளுங்கள்.

நடையின் குறை என்ன? தொடைத் தசைக்கு ஓரளவு வேலை கொடுக்கும், அதற்கு மேல் ஏறாது. கை, தோள், முதுகுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நின்றுபோகும். வருடக்கணக்காக நடப்பவர்கள் சிலர், தரையிலிருந்து எழக் கையை ஊன்றித் தவிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குறையைத் தீர்ப்பது தசைப் பயிற்சிதான்.

தசைப் பயிற்சி என்றதும் பெண்கள் பயப்படுகிறார்கள். இரும்பைத் தூக்கச் சொல்லவில்லை. கைப்பிடி இல்லாத, கெட்டியான ஒரு நாற்காலி, எலாஸ்டிக் பேண்டு ஒன்று, ஒரு சுவர். இவ்வளவுதான் சாமான். பேண்டு மருந்துக் கடையிலோ ஆன்லைனிலோ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். நாற்காலியைச் சுவரோரம் நகராமல் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து மெதுவாக உட்கார வேண்டும். முடியவில்லையா, மேலே ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். எட்டுத் தடவை சுலபமாக வந்துவிட்டால் தலையணையை எடுத்துவிடலாம். அடுத்தது, உட்கார்ந்தபடியே ஒரு காலை நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை வைத்து இறக்குவது. சுவரைத் தள்ளும் பயிற்சியில் உள்ளங்கையை விரித்து ஊன்றினால் மணிக்கட்டு பின்னால் மடங்கி வலிக்கும். அதற்குப் பதில் முன்கை இரண்டையும் சுவரில் சாய்த்துத் தள்ளுங்கள்.

பேண்டை எப்படிப் பிடிப்பது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். படத்தில் காட்டுவதுபோல முஷ்டிக்குள் இறுக்கிப் பிடித்தால் தோளுக்கு வேலை வருமுன் விரல் கணு கத்தும். பேண்டின் இரு முனைகளையும் வளையமாக முடிச்சுப் போட்டு, அந்த வளையத்துக்குள் கையை விட்டு, மணிக்கட்டுக்குச் சற்று மேலே முன்கையில் மாட்டிக்கொள்ளுங்கள். ஜன்னல் கம்பியில் நடுப்பகுதியைக் கோத்து, முழங்கைகளைப் பின்னால் இழுங்கள். விரல்கள் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும், தோளும் முதுகும் வேலை செய்யும்.

வாரத்தில் இரண்டு நாள், நடுவே ஒரு நாளாவது இடைவெளி. கடைசி இரண்டு தடவை கொஞ்சம் சிரமமாக இருக்க வேண்டும்; சிரமமே இல்லையென்றால் தசை வளர்வதற்குக் காரணம் இல்லை. இதில் எனக்குப் பிடித்தது அளவை நம் கையில் வைத்திருக்க முடிவது. கை வீங்கினால் காலுக்கு மட்டும் செய்யலாம், முழங்கால் வீங்கினால் தோளுக்கு. மழையானாலும் வெயிலானாலும் கூடத்திலேயே முடிந்துவிடும். குறை என்றால், துணை இல்லாமல் தனியாகச் செய்வது சலிப்பு. ஆரம்பத்தில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பார்த்துத் திருத்திவிடுவதும் அவசியம்.

கைக்குத் தனியாக ஏன் பயிற்சி என்றால், டெல்டாப் பெண்ணின் நாள் முழுதும் கையில்தான் ஓடுகிறது. சூடான டம்ளரை விளிம்பில் பிடிப்பது, ஜாடி மூடியைத் திருகுவது, அரிவாள்மனையில் நறுக்குவது எல்லாமே விரல் கணுவின் தயவில்தான். இங்கிலாந்தில் 490 பேரை வைத்து நடத்தி 2015இல் வெளியான 'சாரா' என்ற ஆய்வு கைப் பயிற்சியை மட்டும் எடுத்துப் பார்த்தது. அசைவுக்கு ஏழு, வலுவுக்கு நான்கு என மொத்தம் பதினொரு பயிற்சிகள். ஓராண்டு கழித்து, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் கைச்செயல்பாட்டில் முன்னேற்றம் இரண்டு மடங்குக்கு மேல். பிறகு பலர் பயிற்சியை விட்டார்கள், அந்த வித்தியாசமும் சுருங்கிப்போனது. மருந்தை நிறுத்தினால் நோய் திரும்புவதைப் போலத்தான் இதுவும்.

வீட்டில் செய்ய, விரல்களை மெதுவாக மடக்கி விரிப்பது, கட்டைவிரலால் ஒவ்வொரு விரல்நுனியையும் தொடுவது, மேசை மேல் உள்ளங்கையை வைத்து விரல்களைக் கட்டைவிரல் பக்கமாக ஒவ்வொன்றாக நகர்த்துவது. வலுவுக்கு விற்கும் களிமண் போன்ற பொருளுக்குப் பதில், தளர்வாகப் பிசைந்த சப்பாத்தி மாவு உருண்டை போதும். கெட்டியான ரப்பர் பந்தை இறுக்கி இறுக்கி அமுக்குவது வேண்டாம், விரல்கள் சுண்டுவிரல் பக்கம் சாயத் தொடங்கியவர்களுக்கு அது கெடுதல். அதேபோலத் துணி பிழிவதும் கெடுதல். ஈரத் துணியைக் குழாயில் மாட்டி, இரு முனைகளையும் சேர்த்து ஒரே பக்கமாக முறுக்கினால் மணிக்கட்டுக்குப் பாதி வேலைதான்.

யோகாவை நான் மதிக்கிறேன். மூச்சும் மனமும் அடங்குவது, வலியோடு வாழ்பவருக்குச் சின்ன விஷயமில்லை. தூக்கமும் மேம்படும். ஆனால் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே ஆசனம் என்ற முறை நமக்கு ஒத்துவராது. சூரிய நமஸ்காரத்தில் உடல் எடை மணிக்கட்டில் இறங்குகிறது. வஜ்ராசனத்தில் முழங்காலும் கால்விரலும் மாட்டிக்கொள்கின்றன. எல்லாவற்றையும்விட முக்கியம் கழுத்து. நோய் நாள்பட்டவர்களுக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே தளர்வு வர வாய்ப்புண்டு. சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் மூன்றும் அவர்களுக்கு ஆபத்து, தண்டுவடமே நசுங்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் ஆசனங்கள், தோளையும் இடுப்பையும் நீட்டுபவை, மூச்சுப் பயிற்சி, சவாசனம் என்று எடுத்துக்கொண்டால் போதும். ஆசிரியரிடம் நோயின் பெயரைச் சொல்லிவிட்டுச் சேருங்கள். "கால்வலி" என்று மட்டும் சொன்னால் தேய்மானம் என்று நினைத்துக்கொள்வார்.

தண்ணீர்ப் பயிற்சிதான் மூட்டுக்கு மிகவும் இதமானது. இடுப்பளவு நீரில் நின்றால் காலில் இறங்குவது உடல் எடையில் சுமார் பாதி. மார்பளவு நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வெதுவெதுப்பான நீர் என்றால் விறைப்பும் விடும். எடை அதிகமுள்ளவர்கள், முழங்கால் சிதைந்தவர்கள், நடக்கவே முடியாதவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பிருந்தால் இதையே முதலாவதாகச் சொல்வேன். ஆனால் குளம் எங்கே? ஆற்றை நம்ப முடியாது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 வரை மணல்தான். திறந்த பிறகு இழுப்பு. கோயில் குளத்துப் படிகள் பாசி பிடித்து வழுக்கும், நமக்குப் பிடிமானமும் குறைவு. மெத்தோட்ரெக்ஸேட் போன்ற எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், காலில் புண்ணோடு தேங்கிய நீரில் இறங்கினால் தொற்று வரலாம், எலிக்காய்ச்சல் உள்பட. எனக்கு வாய்த்தது பம்புசெட் தொட்டி. மார்கழியில் போர் தண்ணீர் கொட்டும்போது வெதுவெதுப்பாக இருக்கும். தொட்டி விளிம்பில் உட்கார்ந்து பாதத்தையும் கையையும் அதில் அசைப்பேன். அதுவும் இல்லாதவர்கள் ஒரு வாளி வெந்நீரில் கைப் பயிற்சியைச் செய்யலாம், காலை விறைப்புக்கு அதைவிட இதம் வேறில்லை.

சைக்கிளைப் பற்றிச் சுருக்கமாக. பாதம் வலித்து நடக்க முடியாதவர்களுக்கு நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள் நல்ல மாற்று. ரோட்டில் ஓட்டுவது வேறு விஷயம், பிரேக்கை அழுத்தும் விரல் நம்மிடம் சரியாக இல்லை.

எதைத் தேர்ந்தாலும் அளவுக்கு ஒரு கணக்கு வேண்டும். செய்து முடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் வலி முன்பிருந்ததைவிட அதிகமாகவே இருந்தால் செய்தது கூடுதல். அடுத்த முறை குறையுங்கள், விட்டுவிடாதீர்கள். மூட்டு சிவந்து சூடாக வீங்கிய நாள்களில் அந்த மூட்டுக்குப் பேண்டும் எடையும் வேண்டாம். மெதுவாக அசைப்பதும், அசைக்காமல் தசையை மட்டும் இறுக்கித் தளர்த்துவதும் போதும். மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரே ஒரு நாள் போடும் மாத்திரை. மறுநாள் சிலருக்கு அடித்துப் போட்டதுபோல இருக்கும். தசைப் பயிற்சி நாளை அதிலிருந்து தள்ளி வையுங்கள். பயிற்சி நன்றாகப் போகிறது என்று மாத்திரையை நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. மூட்டு அரிப்பை நிறுத்துவது மருந்து; நோயின் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே நிறைய அரித்துவிடும். பின்தலை வலியோடு கை கால் மரத்துப்போவது, காய்ச்சலோடு ஒரே மூட்டு மட்டும் திடீரென வீங்குவது, நெஞ்சுவலி இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்தி அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

நாத்தனாருக்குச் சனிக்கிழமை மாத்திரை. செவ்வாயும் வெள்ளியும் கூடத்தில் நாற்காலியும் பேண்டும், மற்ற நாள்களில் மாலை நடை, ஞாயிறன்று மூச்சுப் பயிற்சி மட்டும், தினமும் காலையில் வெந்நீர் வாளியில் கை என்று வைத்துக்கொண்டோம். நடை பத்து நிமிடத்தில் தொடங்கியிருக்கிறாள். முதல் தடவை சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்றால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குப் போகலாம். வெளியே போக முடியாதவர்கள் கிராமச் சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுப்பதும் உண்டு. போகும்போதோ அவர்கள் வரும்போதோ கை, பாத எக்ஸ்ரே, கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டு, மாத்திரை அட்டை மூன்றையும் கையில் வைத்திருங்கள். கழுத்துவலி இருந்தால் அவர்கள் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.